மோலாரிட்டி, மோலாலிட்டி: தெளிவான தமிழ்ச்சொல் கிடைக்குமா?

கூடலூர், வேதியியல் ஆசிரியை:
குழுமத்தார்க்கு வணக்கம். பிளஸ் ஒன் கரைசல்கள் பாடத்துக்குப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் (துகள்களை எண்ணும் அலகு) கரைபொருள் என்பது மோலாரிட்டி, ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது மோலாலிட்டி. நடுவில் ஒரு ரி, ஒரு லி, அவ்வளவுதான் வித்தியாசம், பிள்ளைகள் எதால் வகுப்பது என்று முழிக்கிறார்கள். பார்த்ததும் புரிகிற சொல் இருந்தால் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி, காப்பித் தோட்டம்:
டீச்சர், காப்பி இலைத்துரு நோய்க்கு அரை சதவீத போர்டோ கலவை அடிக்கிறோம். அரைக் கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணியில் கரைப்போம், சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில், அப்புறம் இரண்டையும் கலப்போம். இதில் எது ரி, எது லி?

கூடலூர்:
நல்ல கணக்கு சார், பயிற்சித்தாளில் சேர்த்துக்கொள்கிறேன். மயில்துத்தம் ஒரு மோல் சுமார் 250 கிராம். அப்போ 500 கிராம் என்பது 2 மோல், 50 லிட்டருக்கு 0.04 மோலார். இவ்வளவு நீர்த்திருந்தால் ரியும் லியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுண்ணாம்பு சேர்ந்ததும் செம்பு வீழ்படிவாகிவிடும், அதன்பின் அது கரைசலே இல்லை, கரையாத துகள் மிதக்கும் தொங்கல். வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் 98 சதவீத கந்தக அமிலத்தை எடுங்கள்: மோலாரிட்டி சுமார் 18.4, மோலாலிட்டி சுமார் 500!

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
முகத்தலளவை, நிறுத்தலளவை என்று நம்மிடம் இருக்கும்போது எதற்குக் கடன்? முகத்தற்செறிவு, நிறுத்தற்செறிவு. முடிந்தது. உண்மையில் ‘செறிவு’ என்பதே எனக்கு உறுத்தல்தான், குறள் 123-இல் ‘செறிவறிந்து சீர்மை பயக்கும்’ என்பதில் செறிவு அடக்கம், தண்டியலங்காரத்தில் செய்யுளின் பத்துக் குணங்களில் முதலாவது. போகட்டும், பழகிவிட்டது. ஆனால் மோல்? அது நம் ‘மொள்’ளேதான். தண்ணீர் மொள்கிறோம், நாழியால் மொள்கிறோம், ளகரம் லகரமாகத் திரிவது புதிதா என்ன?

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மோல் என்று பெயர் வைத்தவர் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட், 1890களில், மூலக்கூறுக்கான ஜெர்மன் சொல்லைச் சுருக்கி. அவர் தண்ணீர் மொண்டதாகத் தெரியவில்லை :) என் சிக்கல் வேறு. நிறுத்தற்செறிவு என்றால் எதை நிறுப்பது? நிறை சதவீதத்துக்குக் கரைசலை நிறுக்கிறோம், மோலாலிட்டிக்குக் கரைப்பானை மட்டும். பிள்ளைகள் தடுமாறுவதே அந்த இடத்தில்தான், உங்கள் சொல் அதை மூடி மறைக்கிறது. ‘கிலோமோல்’ என்றும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது 1000 மோலுக்கு ஏற்கெனவே இருக்கிற பெயர்.

கொடைக்கானல், இயற்பியல்:
வெப்பநிலையை விட்டுவிட்டீர்களே. அளவுக் குடுவையின் மேலேயே 20 டிகிரி என்று போட்டிருக்கும். 4 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரிக்குப் போனால் 4 மில்லி லிட்டர் போலப் பெருகும், நம் மலைக் காலையில் தயாரித்த கரைசலை வத்தலக்குண்டுக்கு இறக்கினால் மோலாரிட்டி குறையும், மோலாலிட்டி அசையாது. ஆகவே மாறுசெறிவு, மாறாச்செறிவு. முன்னது வினைத்தொகை, பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

குன்னூர்:
இலக்கணக் குறிப்புக்கு முழு மதிப்பெண். இன்னொரு கரண்டி உப்புப் போட்டால் ‘மாறாச்செறிவு’ம் மாறுமே?

ஊட்டி:
இலங்கையில் ‘மூல்’ என்கிறார்கள். மூலம், மூலக்கூறு, மூல்! இதையும் யோசிக்கலாம்.

கூடலூர்:
ஐயா, மூலத்துக்குள் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். இதுவரை எனக்குத் தனியே எழுதியவர்களில் பெரும்பாலோர், சலித்துப்போயோ என்னவோ, ‘பாடநூல் சொல்லே இருக்கட்டும்’ என்கிறார்கள். தேர்வில் மோலாரிட்டி என்றுதான் கேட்பார்கள், நான் முகத்தற்செறிவு சொல்லிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வது பிள்ளைகள்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சின்ன எழுத்தில் ‘லிட்டர் கரைசலுக்கு’, ‘கிலோ கரைப்பானுக்கு’ என்று போட்டு அனுப்புகிறேன்.

ஊட்டி:
தேர்வுக்குப் பயந்தால் கலைச்சொல் எப்படி வளரும் அம்மா? என் ஓட்டு முகத்தற்செறிவுக்குத்தான், பதிவு செய்துகொள்ளுங்கள். ‘மொள்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன். குன்னூர்க்காரர் கட்டாயம் வரவேண்டும்.