போர்ச்சுகல் வீராங்கனை மாதிரி குமித்தே (கராத்தேயில் இருவர் மோதும் போட்டி) பாதை: எடைப் பிரிவு சந்தேகம்

தக்கலைக்காரி:
போர்ச்சுகல் பெண்கள் ஜூனியர்ல இருந்து சீனியர் வரை எப்படிப் போறாங்க? நம்ம ஊர்ல 17 வயசுப் பிள்ளை, 56 கிலோ. சீனியர்ல 55-க்கு இறக்கலாமா?

நாகர்கோவில் நடுவர்:
அங்க தேசிய அணிக்குள்ள வந்தா ஐரோப்பிய சாம்பியன்ஷிப் வருஷா வருஷம் உண்டு. உலக சாம்பியன்ஷிப் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா. வயசு வரிசை: கேடட் 14-15, ஜூனியர் 16-17, பிறகு 21 வயசுக்குட்பட்டோர். சீனியர் பெண்கள் எடை 50, 55, 61, 68 கிலோ வரை, பிறகு 68-க்கு மேல். டோக்கியோ ஒலிம்பிக்ல மட்டும் 55, 61, 61-க்கு மேல்னு மூணாச் சுருக்கினாங்க. அதனால 50 கிலோக்காரங்களுக்குத்தான் பெரிய இடி. பாரிஸ் 2024-ல கராத்தேயே இல்ல.

குழித்துறை கோச்:
மக்கா, ஒரு கிலோ பெரிய விஷயமில்ல. ஆனா கடைசி நாள் தண்ணிய நிறுத்தி இறக்காதீங்க. நம்ம கடலோரப் புழுக்கத்துல கால் பிடிச்சுக்கும், உதை மெதுவாகும். மூணு வாரம் முன்னாடியே ராத்திரி கப்பக்கிழங்கைப் பாதியாக்குங்க. மீனைக் குறைக்க வேண்டாம், பொரிக்காம குழம்பா வைங்க.

நாகர்கோவில் நடுவர்:
அதோட புள்ளிக் கணக்கு. குத்து 1, இடுப்புக்கு மேல உடம்புல உதை 2, தலை உதை 3. எட்டுப் புள்ளி முன்னிலைன்னா ஆட்டம் முடிஞ்சது. சமன்னா முதல் புள்ளி எடுத்தவதான் ஜெயிப்பா, அந்த முன்னுரிமைக்குப் பேரு சென்ஷு. ஆனா கடைசி 15 விநாடியில ஓடி ஒளிஞ்சா அந்த சென்ஷு போயிடும். இதுலதான் நம்ம பிள்ளைங்க நிறைய தோக்குது.

தக்கலைக்காரி:
அப்போ 61-லயே இறக்கினா?

குழித்துறை கோச்:
உயரமும் கால் நீளமும் இருந்தா சரி. இல்லன்னா 55.