மேல் வரி தெரியவில்லை

குழு: ஒரே குடும்பம்
ஞாயிறு, இரவு 7:42

மீனா: நிலாவுக்கு நாளை காலை இயற்பியல் தேர்வு. மாதிரித் தாளில் 14ஆம் கேள்வியில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரமாக என் உயிரை வாங்குகிறாள். யாராவது பாருங்கள்.

மீனா: [புகைப்படம்]

சுந்தர்: படம் கலங்கலாக இருக்கிறது அக்கா.

முரளி: மேல் வரி தெரியவில்லை மீனா. வெட்டுப்பட்டிருக்கிறது.

ராகவன்: தெரிந்தவரை போதும். எலக்ட்ரானும் புரோட்டானும் இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைகின்றன. எது அதிகம் விலகும்? அவ்வளவுதான் கேள்வி. 31 வருடம் இதைத்தான் நடத்தினேன்.

சரோஜா: ஆரம்பித்துவிட்டார்.

கார்த்தி: அப்பா, சுருக்கமாக.

ராகவன்: நிலா, பொறுமையாகப் படி. தட்டுகளுக்கு நடுவே மின்புலம் சீரானது. எந்த இடத்தில் பார்த்தாலும் அதே வலு, அதே திசை. தட்டை நெருங்க நெருங்க இழுப்புக் கூடும் என்று எழுதிவிடாதே, வகுப்புக்குப் பத்துப் பேராவது அப்படி எழுதி என் சிவப்புப் பேனாவைத் தீர்ப்பார்கள். எலக்ட்ரான் நேர்மின் தட்டை நோக்கி, அதாவது புலத்துக்கு எதிர்த்திசையில் இழுபடும். புரோட்டான் புலத்தின் திசையிலேயே போகும். முன்னோக்கிய வேகத்தை யாரும் தொடுவதில்லை, அது அப்படியே இருக்கும். குறுக்கே மட்டும் வேகம் ஏறிக்கொண்டே போகும். மாடியிலிருந்து கல்லைப் படுக்கைவாட்டில் எறிந்தால் எப்படி வளைந்து விழுமோ, அதே பரவளையம்.

கார்த்தி: ஓரத்தில் புலம் சீராக இருக்காது.

ராகவன்: அதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள். குறுக்கே பேசாதே.

முரளி: மேல் வரியை அனுப்பு மீனா.

ராகவன்: எண்ணைப் போட்டுப் பார்ப்போம். தட்டின் நீளம் 4 செ.மீ., இடைவெளி 2 செ.மீ., 100 வோல்ட். புலம் மீட்டருக்கு 5,000 வோல்ட். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம், ஆகவே விசை 8 × 10⁻¹⁶ நியூட்டன். தூசியைக்கூட அசைக்காது என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரானின் நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம்தானே! வகுத்தால் முடுக்கம் 8.8 × 10¹⁴ வருகிறது. வினாடிக்கு 1 கோடி மீட்டர் வேகத்தில் நுழைந்தால் 4 நானோவினாடியில் தட்டுகளைக் கடந்துவிடும். அதற்குள் 7 மி.மீ. விலகியிருக்கும். நடுவில் நுழைந்ததால் தட்டு 10 மி.மீ. தள்ளி இருக்கிறது. இடிக்காமல் தப்பித்துவிடும்.

கார்த்தி: புவியீர்ப்பு?

ராகவன்: அந்த 4 நானோவினாடியில் புவியீர்ப்பால் விழும் தூரம் புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. விட்டுத் தள்ளு.

கோபால் சித்தப்பா: [முன்னனுப்பப்பட்டது] அவசரம்!! இன்று இரவு 12:30 முதல் 3:30 வரை விண்வெளிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து செல்கின்றன. கைபேசியை அணைத்து உடலிலிருந்து தள்ளி வைக்கவும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

விமலா: ஐயோ, உண்மையா?

கார்த்தி: தாத்தா, போன வருடமும் இதையேதான் அனுப்பினீர்கள்.

கோபால் சித்தப்பா: போன வருடமும் வந்திருக்கும்.

ராகவன்: சித்தப்பா, விண்வெளிக் கதிர்கள் இன்றைக்கு மட்டும் வருபவை அல்ல, எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிப்போய் அளந்து கண்டுபிடித்தார், 1936இல் நோபல் பரிசும் வாங்கினார். கைபேசியை அணைப்பதால் எதுவும் ஆகாது.

கோபால் சித்தப்பா: எதற்கும் நான் அணைத்துவிடுகிறேன்.

சுந்தர்: நல்லது.

மீனா: தேர்வு நாளைக்கு. தயவுசெய்து.

மீனா: மாமா, நான் நிலா. அம்மா கைபேசியில் எழுதுகிறேன். தட்டுக்கு வெளியே வந்த பிறகும் வளைவாகவே வரைந்தேன் என்று போன தேர்வில் ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். வெளியே எப்படிப் போகும்?

ராகவன்: குறைத்தது சரிதான். வெளியே புலம் இல்லை, விசையும் இல்லை. வெளியேறும் நொடியில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் நேர்கோட்டில் போகும்.

முரளி: நிலா, அந்த நேர்கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்பக்கமாக நீட்டு. எங்கே வந்து சேருகிறது?

மீனா: தட்டுகளுக்கு நடுவில். பெரியப்பா, சரியாக நடுவில்! நுழைந்த கோட்டையே தொடுகிறது.

முரளி: எப்போதும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு வளைந்திருந்தாலும், வெளியே இருந்து பார்ப்பவருக்கு நடுப்புள்ளியிலிருந்து நேராகப் புறப்பட்டதுபோல இருக்கும். அதை வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு மிச்சம். வெளியேறும் இடம் நடுவிலிருந்து 2 செ.மீ., அங்கே விலகல் 7 மி.மீ. திரை 20 செ.மீ. தள்ளி இருந்தால் நடுவிலிருந்து 22 செ.மீ. 2க்கு 7 என்றால் 22க்கு?

மீனா: 77 மி.மீ.!!

முரளி: முடிந்தது.

ராகவன்: இதைத் தேர்வில் இப்படி எழுதினால் படிநிலை மதிப்பெண் கிடைக்காது. நான் சொன்னபடி எழுது. பழைய தொலைக்காட்சிப் படக்குழாய் வேலை செய்ததும் இந்தத் தத்துவத்தில்தான், இரண்டு சோடித் தட்டுகள்.

முரளி: தொலைக்காட்சியில் தட்டு கிடையாது மச்சான். குழாயின் கழுத்தைச் சுற்றிச் சுருள். காந்தப்புலம். தட்டு இருந்தது ஆஸிலாஸ்கோப்பில், மின்சைகையைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி.

ராகவன்: தத்துவம் ஒன்றுதான் மாப்பிள்ளை.

முரளி: இல்லை. திரை பெரிது, குழாய் குட்டை. ஓரம்வரை கற்றையை வளைக்க வேண்டும் என்றால் தட்டுக்கு எக்கச்சக்கமான வோல்ட் வேண்டும். சுருளுக்குக் கொஞ்சம் மின்னோட்டம் போதும். ஆஸிலாஸ்கோப்பில் திரை சிறிது, குழாய் நீளம், ஆனால் சைகை படுவேகமாக மாறும். சுருள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தட்டு கொடுக்கும். 22 வருடம் திருகாணியைக் கழற்றிப் பார்த்தவன் சொல்கிறேன்.

விமலா: விடுங்களேன், அவர் ஏதோ ஒரு வேகத்தில் சொன்னார்.

ராகவன்: எனக்குத் தெரியாததா? காந்தம் மின்புலம்போல அல்ல, துகளின் வேகத்தைக் கூட்டாது, குறைக்காது, திசையை மட்டும்தான் திருப்பும். படக்குழாயில் அதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை வண்ணத் திரையின் வலது மூலையில் வைத்தேன், பச்சை எல்லாம் ஊதாவாகிவிட்டது. எலக்ட்ரான் கற்றை தனக்கு உரிய நிறப்புள்ளியில் விழாமல் பக்கத்துப் புள்ளியில் விழுவதால் அப்படி. உள்ளே இருக்கும் இரும்புச் சல்லடையும் காந்தமாகிவிடுவதால் கையை எடுத்த பிறகும் கறை போகாது.

சுந்தர்: எந்தத் திரை?

ராகவன்: பொதுவாகச் சொல்கிறேன்.

சுந்தர்: வலது மூலை. ஊதா. வட்டக் காந்தம்.

சரோஜா: அடப்பாவி.

சுந்தர்: அண்ணா, எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்தான் கெடுத்தேன் என்று அப்பா ஒரு மாதம் என்னைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தார். மற்றவர்கள் எல்லாம் பார்ப்பீர்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ராகவன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அருண்: நான் படித்துவிட்டேன்.

கார்த்தி: நானும்.

சரோஜா: சுந்தர், ஒரு விதத்தில் அந்தக் கறையால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. அதை எடுக்கக் கையில் ஒரு பெரிய கம்பிச் சுருளோடு வந்தவர்தான் உன் அத்தான்.

முரளி: திரைமுன் சுருளை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே பின்னால் நடந்து வர வேண்டும். கறை போய்விட்டது. நான்தான் போகவில்லை.

சரோஜா: "மெக்கானிக்குக்கா கொடுக்கப் போகிறீர்கள்" என்று அப்பாவிடம் கேட்டது யார் என்றும் எனக்கு நினைவிருக்கிறது.

விமலா: சரோஜா, அதெல்லாம் இப்போது எதற்கு?

மீனா: அம்மா பேசுகிறேன். அவள் விடைப்பகுதியைப் பார்த்துவிட்டு அழுகிறாள். 14க்கு வேறு விடை போட்டிருக்கிறதாம்.

ராகவன்: புரோட்டான் எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு நிறை. விசையின் அளவு ஒன்று, முடுக்கம் 1,836 மடங்கு குறைவு. எலக்ட்ரான் 7 மி.மீ. விலகினால் புரோட்டான் 4 மைக்ரோமீட்டர்கூட விலகாது. இதில் சந்தேகமே இல்லை.

மீனா: "இரண்டும் ஒரே அளவு விலகும், எதிர் எதிர்த் திசைகளில்" என்று இருக்கிறது மாமா.

ராகவன்: அச்சுப் பிழை.

முரளி: மேல் வரி.

அருண்: மேல் வரி.

சுந்தர்: மேல் வரி.

மீனா: [புகைப்படம்]

மீனா: "ஓய்வு நிலையிலிருந்து ஒரே அளவுள்ள மின்னழுத்த வேறுபாட்டால் முடுக்கப்பட்ட பின்" என்று தொடங்குகிறது.

சரோஜா: 43.

மீனா: என்ன 43?

சரோஜா: 1,836க்கு வர்க்கமூலம், ஏறத்தாழ. இரண்டுக்கும் வேகம் ஒன்று இல்லையே. ஒரே வோல்ட்டால் தள்ளினால் இயக்க ஆற்றல்தான் ஒன்று. நிறை கூடிய புரோட்டான் 43 மடங்கு மெதுவாக வந்து நுழைகிறது. அப்படியானால் தட்டுகளுக்கு நடுவே 43 மடங்கு நேரம் இருக்கும். விலகல் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 43ஐ 43ஆல் பெருக்கு. முடுக்கத்தில் இழந்ததை எல்லாம் நேரத்தில் மீட்டுவிட்டது.

மீனா: பெரியம்மா!!!

சுந்தர்: அக்கா?

முரளி: என் கருவிக் கையேடுகளை என்னைவிட அதிகம் படித்தவள். ஆஸிலாஸ்கோப்புக் குழாயின் விலகல் சூத்திரத்தில் நிறையே கிடையாது, மின்னூட்டமும் கிடையாது. தட்டின் நீளம், புலம், முதலில் முடுக்கிய வோல்ட். வேறு எதுவும் தேவை இல்லை.

மீனா: அப்படியென்றால் ஆல்பா துகள்? புரோட்டானைவிட மின்னூட்டம் இரண்டு மடங்கு, நிறை ஏறத்தாழ நான்கு மடங்கு.

சரோஜா: அதுவும் அவ்வளவுதான். இரட்டை இழுப்பு, ஆனால் இரட்டை ஆற்றலோடு வருகிறது. சரியாகிவிடும்.

ராகவன்: வேகம் சமமாக இருந்தால் நான் சொன்னது. ஆற்றல் சமமாக இருந்தால் சரோஜா சொல்வது. இரண்டும் சரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

அருண்: "இதில் சந்தேகமே இல்லை" என்றீர்களே மாமா.

ராகவன்: வெட்டுப்பட்ட படத்தை அனுப்பியது நான் அல்ல.

மீனா: தப்பு என்மேல் வந்து சேர்ந்ததா? நல்லது.

மீனா: மாமா, 15ஆம் கேள்வி மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை. மின்னூட்டம் பெற்ற துளி தட்டுகளுக்கு நடுவே ஏன் அந்தரத்தில் நிற்கிறது?

ராகவன்: கீழே எடை, மேலே மின்விசை. இரண்டும் சமமானால் துளி அப்படியே தொங்கும். எலக்ட்ரானைப் பார்க்கும்போது புவியீர்ப்பை விட்டுத் தள்ளச் சொன்னேன் அல்லவா, இங்கே தள்ள முடியாது. எண்ணெய்த் துளியில் கோடிக்கணக்கான அணுக்கள், அதன்மேல் ஓரிரு எலக்ட்ரான்தான் மிகை. அதனால்தான் இரண்டு விசைகளும் தராசுத் தட்டுபோல ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. மில்லிகனுக்கு 1923இல் நோபல்.

கார்த்தி: அந்தக் கருவியை முதலில் கட்டித் துளியைப் பார்த்தது தாம்தான் என்று அவருடைய மாணவர் ஹார்வி ஃபிளெட்சர் எழுதி வைத்திருந்தார். 1910ஆம் ஆண்டுக் கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும்தான். ஃபிளெட்சர் 1981இல் இறந்தார். அவர் எழுதியது அடுத்த வருடம்தான் அச்சில் வந்தது.

சரோஜா: உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர். நம் வீட்டில் பார்க்காததா.

விமலா: யாரைச் சொல்கிறாய் சரோஜா?

சரோஜா: மில்லிகனைத்தான் அண்ணி.

சுந்தர்: செய்தவர் ஒருவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் இன்னொருவர்.

ராகவன்: அப்பா என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சுந்தர்: எனக்கு அது எழுத்தில் வேண்டும்.

அருண்: எழுத்தில்தானே இருக்கிறது. நீக்கியதற்கு முன்பே திரையைப் படம்பிடித்துவிட்டேன்.

இரவு 9:58

மீனா: சரி, காலையில் ஆறு மணிக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டுமாம். காணொளி அழைப்பில் யார் வருகிறீர்கள்?

ராகவன்: நான் வருகிறேன். ஐந்தரைக்கே.

மீனா: பெரியம்மா வர முடியுமா என்று கேட்கிறாள் அண்ணா. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

ராகவன்: நான் எதற்குத் தவறாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

விமலா: அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

சரோஜா: ஆறு மணிக்கு எழுந்தால் பார்க்கிறேன்.

முரளி: எழுந்துவிடுவாள்.

கோபால் சித்தப்பா: எல்லாரும் 12:30க்கு முன்பு அணைத்துவிடுங்கள்.

கார்த்தி: நீங்கள் அப்போதே அணைக்கவில்லையா தாத்தா?

கோபால் சித்தப்பா: காந்த விஷயம் என்ன ஆயிற்று என்று பார்க்கத் திறந்தேன்.

இரவு 11:07

ராகவன்: நிலா, 16ஆம் கேள்வியையும் படம் எடுத்து அனுப்பு. மேல் வரியோடு.

மீனா: அவள் தூங்கிவிட்டாள் அண்ணா.

சுந்தர்: நான் தூங்கவில்லை.