டர்பன் வீட்டு மசாலா: தீபாவளிக்கு 20% தள்ளுபடி போடலாமா?

சாட்ஸ்வர்த் மசாலா:
வணக்கம். வீட்டிலேயே கறி மசாலா, சாம்பார் பொடி செய்து விற்கிறோம். அரை கிலோ 100 ராண்ட். மிளகாய், மல்லி, அரைவைக் கூலி, பை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 60 ஆகிறது. ஃபேஸ்புக்கில் லைக் விழுகிறது, ஆர்டர் விழவில்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி) 200 பேருக்கு அனுப்பினாலும் பத்துப் பேருக்குக்கூடப் போய்ச் சேருவதில்லை. தீபாவளிக்கு 20% தள்ளுபடி போட்டுப் பார்க்கலாமா?

கணக்குப் பிள்ளை:
தள்ளுபடி வேண்டாம். இப்போது பாக்கெட்டுக்கு 40 ராண்ட் நிற்கிறது. 80க்கு விற்றால் 20தான். இன்று கையில் நிற்கும் பணம் குறையாமல் இருக்கவே இரண்டு மடங்கு பாக்கெட் போக வேண்டும். அரைக்கிற வேலையும் கட்டுகிற வேலையும் இரட்டிப்பாகும், மிச்சம் ஒன்றும் கூடாது. ஒருமுறை 80க்கு வாங்கியவர் அப்புறம் 100 என்றால் முகம் சுளிப்பார்.

புது ஆளுக்குத் தயக்கம் விலையில் இல்லை, ருசியில். மசாலா வீட்டுக்கு வீடு மாறும். மாமியார் காலத்திலிருந்து ஒரே கடையில் வாங்குகிறவர், படத்தைப் பார்த்து அரை கிலோ வாங்கமாட்டார். 50 கிராம் பொட்டலம் போடுங்கள், ஒரு சட்டிக் குழம்புக்குக் காணும். உங்கள் கணக்கில் சரக்கு 6 ராண்ட்தான், சின்னப் பைக்குக் கொஞ்சம் கூட. 12க்கு விற்றாலும் நட்டமில்லை. பின்பக்கம் ஒரு கிலோ கோழிக்கு எத்தனை மேசைக்கரண்டி, எப்போது போடுவது என்று அச்சடியுங்கள். அளவு தெரியாமல் போட்டுக் காரம் ஏறினால் பழி உங்கள் மசாலாமீதுதான் விழும்.

உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையையும் மாற்றுங்கள். வெளிச்சத்தில் மிளகாய்த்தூளின் சிவப்பு வெளுக்கும். வெளுத்த தூளைப் பார்த்தால் பழையது என்றே நினைப்பார்கள்.

ஃபீனிக்ஸ் போன்கடை:
பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். கோளாறு அங்கேதான். பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். குரூப் மட்டும் தொடங்காதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள்.

போபியா எனும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவையும் மனத்தில் வையுங்கள். உங்களிடம் வாங்கியவருக்கு அதே வகைப் பொருளைப் பற்றி எழுதலாம், ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும். வாங்காதவரிடம் சம்மதம் கேட்க ஒரே ஒரு தடவைதான் அணுகலாம். கோயில் குரூப்பிலிருந்து எண்களை எடுத்து அனுப்புவது கூடவே கூடாது.

சாட்ஸ்வர்த் மசாலா:
நன்றி. அப்படியானால் ஃபேஸ்புக் விளம்பரமே வேண்டாமா?

கணக்குப் பிள்ளை:
போடலாம், போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அப்படியே அழுத்தாமல். ஃபேஸ்புக்கில் விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர் பக்கத்துக்குப் போய், வாட்ஸ்அப்பில் செய்தி வரும்படியான நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தூரத்துக்கு மட்டும் வட்டம் போடுங்கள். நாளுக்கு 50 ராண்ட், 7 நாள் என்றால் 350. அதை எடுக்க அரை கிலோ பாக்கெட் 9 விற்க வேண்டும். கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த 9 வந்ததா இல்லையா என்று தெரியவே தெரியாது.

வெருளம் அக்கா:
எந்த நாளில் செய்தி அனுப்புவது என்பதையும் பாருங்கள். புரட்டாசியில் நம் வீடுகள் பலவற்றில் கறி, மீன் கிடையாது. அந்த மாதம் கோழிக்குழம்புப் படம் போட்டு என்ன பயன்? சாம்பார் பொடி, ரசப் பொடியை முன்னால் வையுங்கள். விரதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது கறி மசாலாச் செய்தி போகட்டும். மறுபடி கறி எடுக்கும் முதல் நாளுக்காக அப்போதுதான் வாங்குவார்கள். தீபாவளி வாரத்தில் வீடு முழுக்கப் பலகார வேலை, மசாலா யார் கண்ணிலும் படாது.

வீட்டிலிருந்து விற்றாலும் கடைகளில் வைத்தாலும், ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி நகராட்சி சுகாதார அதிகாரி தரும் ஏற்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சமையலறையைச் சோதித்த பிறகே தருவார்கள், அதனால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள்.