மணல் வரியும் பாசிக் குவியலும் அரூபப் படமாகும்போது

சாதாரண இயற்கைப் படத்தைக் கணினியில் அரூப ஓவியமாக, அதாவது பொருள் எதுவும் தெரியாமல் கோடும் நிறமும் மட்டுமாக, மாற்றிய அனுபவம் என்று இந்தக் குழுவில் பலரும் எழுதியதைப் படித்தேன். பெரும்பாலும் எந்த ஆப், எந்த ஃபில்டர் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும், இந்தப் பக்கம் வாலிநோக்கம் வரைக்கும் எடுத்த படங்களை வைத்துத்தான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்குப் பட்டது வேறு. படத்தில் இருக்கிற பொருள் எப்படி உருவானதோ அந்தப் போக்கிலேயே கணினி வேலையும் போனால்தான் படம் நிற்கிறது. இல்லையென்றால் அழகான நிறக்கலவை கிடைக்கும், ஆனால் அதை எந்த ஊர்ப் படம் என்று வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

மணல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தை இங்கே வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகடல் ஓரம் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது மணலில் வரி வரியாக இருக்குமே, அந்த வரிகள் அலை வந்த திசைக்குக் குறுக்கே, அலையின் முகப்புக்கு இணையாக விழுந்தவை. ஜிம்ப் மென்பொருளில் லீனியர் மோஷன் ப்ளர் (படத்தை ஒரே திசையில் இழுத்து மங்கலாக்குவது) போடும்போது கோணத்தை அந்த வரியோடு சேர்த்து வைத்தால் மணல் துகள், சிப்பி, கால் தடம் எல்லாம் கரைந்து வரி மட்டும் சுத்தமாக மிஞ்சும். கோணத்தைக் குறுக்கே வைத்தால் வரியே போய்விடும், சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு மட்டும் இருக்கும். அதே படம், அதே ஃபில்டர், கோணம் மட்டும்தான் வேறு.

இதைவிட எனக்குப் பிடித்தது நண்டு உருண்டை. சின்னஞ்சிறு நண்டுகள் ஈர மணலை வாயில் போட்டு அதிலிருக்கிற இரையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி உருட்டி வளையைச் சுற்றிக் கதிர் கதிராக வைத்திருக்கும், அடுத்து தண்ணீர் ஏறினால் எல்லாம் போய்விடும். வளை நடுவில் வருகிற மாதிரி நேர் மேலிருந்து சதுரமாகப் படம் எடுத்து, ஜிம்பில் போலார் கோஆர்டினேட்ஸ் ஃபில்டரைத் திறந்து, 'டு போலார்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். நடுவிலிருந்து பிரிந்து போன கதிர்கள் அத்தனையும் பக்கம் பக்கமாக நேர்வரிசையில் வந்து நிற்கும், நண்டு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பது அப்படியே வரிசையின் நீளமாகத் தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் செய்வதில்லை, நிறம்கூடத் தொடுவதில்லை.

சரி, மனிதர்களோடு நடந்ததற்கு வருகிறேன்.

குந்துகால் பக்கம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் போனில் இரண்டு படங்களைக் காட்டினேன். இரண்டும் ஒரே அலைப் படத்திலிருந்து செய்தவை. கேமராவைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்திக்கொண்டே எடுத்தது அது. (எடுக்கும் முறை கேட்டவர்களுக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 16, உச்சி வெயிலில் ஷட்டர் 1/100 நொடி அளவில்தான் நிற்கும், வெளிச்சத்தைக் குறைக்கிற 4 ஸ்டாப் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டால் 1/6 நொடிக்கு வரும், கையை நகர்த்த அது போதும்.) ஒன்றில் நிறத்தைச் சுழற்றி மரகதப் பச்சையாக்கியிருந்தேன், இன்னொன்றில் கலங்கிய தண்ணீரின் நிறத்தை அப்படியே விட்டிருந்தேன். கரை, படகு, வானம் எதுவும் கிடையாது, வெறும் பட்டை பட்டையான கோடுகள்.

அவர் கலங்கல் படத்தைப் பார்த்ததும், "கச்சான்ல எடுத்தியளா தம்பி? தென்கடல்தான இது" என்றார். பச்சைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கோடு அதே கடல்தான். ஆனா கச்சான் அடிக்கையில தென்கடல் இப்புடித் தெளியுமா, வடகடல்லதான் தண்ணி தெளிஞ்சு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டார். ஒரு பொருள்கூட இல்லாத படத்திலிருந்து அவர் காற்றையும் கடலையும் எடுத்துச் சொன்னது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை எனும் வடகிழக்குக் காற்றில் அது அமைதியாகி வடகடல் கலங்கும், இது அங்கே தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த விவரம் வெறும் கோட்டிலும் நிறத்திலும் தங்கியிருக்கிறது என்பதைத்தான் அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

ஆனால் நிறம் விஷயத்தில் அவரோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை, பச்சைப் படத்தையும் வைத்திருக்கிறேன். ஓவியர் ஆதிமூலம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களிலிருந்து வண்ண அரூபத்துக்குப் போனபோது நிலத்தின் நிறத்தையா நகல் எடுத்தார்? அவருடைய அரூப நிலக்காட்சிகளில் நிறம் முழுக்க அவருடைய முடிவு. நிறத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம், கோட்டையும் திசையையும் அந்த இடத்திடமே விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். வேறு மாதிரி நினைப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

பாம்பன் பக்கம் கடல்பாசி காயப்போட்டிருந்த இடத்தில் நடந்தது இன்னொன்று. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் கரையில் அதைக் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற இரண்டு வகைப் பாசிக் குவியல்களையும் இரண்டு லேயராக வைத்து ஒன்றின் மேல் ஒன்று கலந்த படத்தை அடுத்த தடவை கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு அக்கா பார்த்துவிட்டு, "ரெண்டையும் எதுக்குப்பா ஒண்ணாக் கலந்த? வெல வேற, எடுக்குற பாடு வேற" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுப்பார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட், இரண்டும் வேறு வேறு சந்தை. பிறகு தனித்தனியாகவும் செய்து பார்த்தேன். கட்டக்கோரையில் மணி மணியாகச் சின்னக் காற்றுப் பைகள் உண்டு, மீடியன் ப்ளர் கொஞ்சம் ஏற்றினால் தண்டெல்லாம் மங்கி அந்த மணிகள் மட்டும் புள்ளிக் கோலம் போல எழும்பி வரும். மரிக்கொழுந்தில் புள்ளியே வராது, மெல்லிய கிளைகள் பின்னிப் பின்னி ஒரு நெசவாக நிற்கும். அக்கா பிரித்துப் பார்த்ததைப் படமும் பிரித்துக் காட்டியது. அந்த இரண்டு படத்தையும் அச்சிட்டு அவரிடமே கொடுத்தேன்.

அரிச்சல்முனை நுரையைப் பற்றிச் சுருக்கமாக: ட்ரைபாடில் வைத்து அடுத்தடுத்து எடுத்த படங்களை லேயராக அடுக்கி, லேயர் மோடில் 'லைட்டன் ஒன்லி' போடுங்கள், ஒவ்வொரு அலையும் ஏறி நின்ற விளிம்பு வெள்ளைக் கோடாக ஒரே படத்தில் சேர்ந்துகொள்ளும்.

வாலிநோக்கம் உப்புப் பாத்திகளை மேலிருந்து எடுக்க ட்ரோன் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த மாவட்டத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது, எதிர்க்கரை இலங்கை, அதனால் அனுமதி இல்லாமல் பறக்கவிடவே வேண்டாம். வரப்பில் நின்று டெலி லென்ஸில் எடுத்தாலே பாத்திகள் பட்டையாகத் தட்டையாகிவிடும். உப்பு முற்றும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாவது அந்த உவர்ப்பிலும் வாழ்கிற நுண்ணுயிர்களின் நிறமியால், அதைக் கணினியில் கூட்டவே தேவையில்லை, வெள்ளை உப்புக்குப் பக்கத்தில் அதுவே போதும்.

இப்போது நாலு வார்த்தை தட்டினால் கணினியே "கடல் அரூபம்" வரைந்து தருகிறதே, இந்தப் பாடு எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்தைக் குந்துகால் அண்ணனிடம் காட்டினால் எந்தக் காற்று என்று அவரால் சொல்ல முடியாது. எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் ரா (RAW) ஃபார்மட்டில் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், ப்ளரும் நிற மாற்றமும் அதிகமாகப் போட்டால் வானத்திலும் தண்ணீரிலும் படிக்கட்டு மாதிரித் திட்டுகள் தெரியும், அதனால் ஜிம்பிலும் 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம், 4000க்கு 3000 பிக்சல் என்றால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 13 அங்குல அகலம் வரும். ஆனால் அரூபப் படத்தில் கூர்மையான விவரம் குறைவு என்பதால் 150 டிபிஐயில் 26 அங்குலம் போட்டும் நன்றாகவே வந்தது. பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில்தான் மணல் வரி மணலாகத் தெரிகிறது.

காரங்காடு அலையாத்திக் காட்டில் வேர்களை வைத்து யாராவது செய்திருந்தால் படத்தோடு போடுங்கள். படகிலிருந்து எடுத்ததா, கரையில் நின்று எடுத்ததா, தண்ணீர் ஏற்றத்தில் இருந்ததா வற்றியிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.