வேர்டில் விளையாடியும் ஆங்கிலச் சொல்வளம் ஏறவில்லை, எங்கே கோளாறு?

கட்டம்ஐந்து கேட்டது:
ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் வேர்டில் ஆட்டத்தைத் தவறாமல் ஆடுகிறேன். பெரும்பாலும் விடை வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சொற்கள் எழுதும்போதோ பேசும்போதோ கைகொடுப்பதில்லை. அர்த்தமே தெரியாத சொல்லைக்கூட எழுத்தை மாற்றிமாற்றிப் போட்டே பிடித்துவிட முடிகிறது. கூடவே இரண்டு சந்தேகம். ஒரே எழுத்து இருமுறை வரும் சொல்லைப் போட்டால் ஒன்று மஞ்சளாகவும் மற்றது சாம்பலாகவும் வருகிறதே, ஆப் கோளாறா? கடைசி நான்கு எழுத்தும் பச்சையான பிறகும் தோற்பது ஏன்?

சொல்வேட்டை:
சின்னச் சந்தேகங்களை முதலில் முடித்துவிடலாம்.

அது கோளாறு இல்லை. பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி; மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு; சாம்பல் என்றால் எழுத்து இல்லை. விடையில் ஓர் எழுத்து எத்தனை முறை இருக்கிறதோ அத்தனை முறைதான் நிறம் கிடைக்கும். பச்சைக்கு முன்னுரிமை, மீதியிருந்தால் இடமிருந்து வலமாக மஞ்சள். விடை 'கிரேன்' (CRANE) என்று வையுங்கள், அதில் ஒரே ஒரு இ (E). நீங்கள் 'லெவல்' (LEVEL) போட்டால் முதல் இ மஞ்சள், இரண்டாவது சாம்பல். அந்தச் சாம்பலைப் பார்த்து 'இ இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். 'இரண்டாவது இ இல்லை' என்பதே அதன் பொருள். இதுவே ஒரு துப்பு.

அடுத்தது ஐ-ஜி-ஹெச்-டி (IGHT) என்று முடியும் சொற்களின் பொறி. ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் எனப் புழக்கத்தில் உள்ள எட்டு சொற்கள் ஒரே வாலோடு நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆறு வாய்ப்பு போதாது. கிரேனில் தொடங்கியிருந்தால் ஆர், என், இ மூன்றும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மிச்சம் ஐந்து சொல். இப்போது விடையாக இருக்கவே முடியாத 'ஃபிலிம்ஸ்' போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வரியில் சோதனையாகிவிடும். அவற்றில் எது நிறம் காட்டுகிறதோ அதுதான் முதலெழுத்து; நான்கும் சாம்பல் என்றால் விடை டைட். ஹார்ட் மோடில், அதாவது ஆட்டத்தின் கடின நிலையில், இந்த வழி செல்லாது, பச்சையான எழுத்தை அதே இடத்தில் வைத்தே ஆக வேண்டும். பயிற்சிக்காக ஆடுபவர்கள் அதை அணைத்துவைப்பதே நல்லது.

அகரமுதலி:
இனி உங்கள் முதல் கேள்வி. வேர்டில் எந்த இடத்தில் உங்களிடம் அர்த்தம் கேட்கிறது? எங்குமே இல்லை. 1970களில் வந்த மாஸ்டர்மைண்ட் பலகை விளையாட்டில் வண்ண ஆணிகளை வைத்துச் செய்யும் அதே கழித்தல் வேலைதான் இங்கே எழுத்துகளை வைத்து நடக்கிறது. எழுத்துக்கூட்டல் பழகும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, 2021-இல் வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் வெளியிட்ட பட்டியலில் விடைகள் ஏறத்தாழ 2,300 மட்டுமே, பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளவை. விசித்திரமான சொற்கள் முயற்சியாக ஏற்கப்படும் பெரிய பட்டியலில் கிடக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வது வீண்.

பேசும்போது நமக்கு அர்த்தம் முதலில் வருகிறது, சொல் பிறகு. பயிற்சியும் அதே திசையில் போக வேண்டும். நீங்கள் படித்ததில் தடுக்கிய பத்துச் சொற்களை எடுங்கள். ஐந்தெழுத்துதான் வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் நான்கு துப்புகளை வரிசையாக எழுதி, தாளால் மூடி ஒவ்வொன்றாகத் திறங்கள். முதலில் விளக்கம், அடுத்து சொல் இருக்கும் இடத்தில் கோடிட்ட ஒரு வாக்கியம், பிறகு எழுத்து எண்ணிக்கை, கடைசியில் முதலெழுத்து.

'ரிலக்டன்ட்' என்றால் முதல் துப்பு: செய்ய மனம் ஒப்பாத நிலை. மூன்றாவது: ஒன்பது எழுத்து. பின்பக்கம் எழுத்துக்கூட்டலும், அழுத்தம் 'லக்' மேல் விழும் என்ற குறிப்பும், கூடவே வரும் சொல்லும்: 'டு' சேர்த்து அடுத்து வினைச்சொல். இந்தக் கூட்டாளிச் சொல்லை விட்டுவிட்டால் அட்டை பாதி வீண், ஏனென்றால் வாக்கியம் உடைவது அங்கேதான்.

முதல் துப்பிலேயே சொன்னால் 4 புள்ளி, ஒவ்வொரு துப்புக்கும் ஒன்று குறையும். 4 எடுத்த அட்டையை ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், 2 அல்லது 3 என்றால் மூன்று நாள் கழித்து, அதற்கும் கீழே என்றால் மறுநாளே. விடையை வாயால் சொல்லிவிட்டு எழுதவும் வேண்டும். மனதுக்குள் 'தெரியும்' என்று தலையாட்டினால் அது கணக்கில் வராது.

ஒன்று கவனம்: உருவத்திலோ பொருளிலோ நெருங்கிய புதுச் சொற்களை ஒரே கட்டில் வைக்காதீர்கள். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் குழம்பும். ஒன்று ஊன்றிய பிறகு மற்றதைச் சேருங்கள்.

கட்டம்ஐந்து:
நன்றி. விளக்கம் தமிழில் இருக்கலாமா, ஆங்கிலத்தில்தான் வேண்டுமா? இருவர் ஆட ஏதாவது இருக்கிறதா?

அகரமுதலி:
புதுச் சொல்லுக்குத் தமிழ் போதும். ஒருமுறை 4 வாங்கியதும் அந்த வரியை அடித்துவிட்டு எளிய ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். அகராதி வரியை அப்படியே நகலெடுத்தால் அதிலேயே இன்னும் இரண்டு புரியாத சொல் வந்து நிற்கும்.

சொல்வேட்டை:
இருவருக்குத் தடைச்சொல் ஆட்டம். 'பிரிட்ஜ்' என்பதை ரிவர், கிராஸ், ரோட், வாட்டர் நான்கையும் சொல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். கைஜாடைக்கும் இடமில்லை, அனுமதித்தால் வாக்கியமே வராது, கைதான் பேசும். தடைச்சொல்லை ஆறேழாகக் கூட்டினால் தொடக்கநிலையில் இருப்பவர் வாயடைத்துப் போவார். அவருக்கு இரண்டு போதும்.

தனியாக என்றால் 'செமான்டில்' என்ற இணைய ஆட்டம் இருக்கிறது. அது எழுத்தைப் பார்க்காது, பொருள் நெருக்கத்துக்கு மதிப்பெண் தரும். ஆனால் அந்த நெருக்கம் சொற்கள் எந்தச் சூழலில் புழங்குகின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் ஹாட்டுக்குப் பக்கத்தில் அதன் எதிர்ச்சொல்லான கோல்டும் வந்து உட்காரும். அதிக மதிப்பெண் வந்ததை வைத்து இரண்டும் ஒரே பொருள் என்று அட்டையில் எழுதிவிட வேண்டாம்.