வெயிட் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

பாலக்கோடு பக்கத்துல இருந்து எழுதறேன். வயசு 38, உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. ஆறு வருஷமா சுகர், இப்ப இன்சுலின் போடறேன், முட்டி வலில படி ஏற முடியல. சோத்த விட்டு களி தின்னு, நடந்து, எட்டு கிலோ குறைச்சேன், ஒரே வருஷத்துல திரும்ப ஏறிடுச்சு. சேலத்துல டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பைய வெட்டி சின்னதாக்கறது) பத்தி யோசிங்கன்னாரு, வீட்ல மாமியார் வயித்த அறுக்கறதான்னு அழறாங்க. எனக்கும் பயமாதான் இருக்கு.

பதில் 1:
அக்கா, உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு, 39 வருது. 2022 சர்வதேச வழிகாட்டுதல்ல 35க்கு மேலயே ஆபரேஷன் பரிந்துரைக்கறாங்க, சுகர் இருந்தா 30லயே. அதனால டாக்டர் சும்மா சொல்லல. லேப்ராஸ்கோப்பிதான், சின்ன ஓட்டைங்க.

பதில் 2:
நான் ஓசூர், ஸ்லீவ் பண்ணி மூணு வருஷம் ஆச்சு. இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க, திரும்ப வைக்க முடியாது, அத நல்லா மனசுல வெச்சுக்கோங்க. மொத ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம்தான், களியெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுதான். பி12, இரும்பு, கால்சியம் மாத்திர ஆயுசுக்கும். நான் நடுவுல மாத்திரைய விட்டு முடி கொட்டி ரத்தம் குறைஞ்சு ரொம்ப அவஸ்தைப்பட்டேன், நீங்க விட்றாதீங்க.

பதில் 3:
நெஞ்செரிச்சல் இருக்காம்மா? இருந்தா ஸ்லீவ்ல அதிகமாகலாம், இரைப்பை பைபாஸ் (இரைப்பைய சின்னதாக்கி குடலோட சேக்கற ஆபரேஷன்) சரியா வருமான்னு கேளுங்க. குழந்தை பெத்துக்கற யோசனை இருந்தா ஒன்றரை வருஷம் தள்ளிப்போடணும். அடுத்த தடவ மாமியாரையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அவங்களே நேரா கேக்கட்டும்.