கொழும்புக்குப் புதிது: சட்னி அரைக்கும்போது மெஷின் நின்றுவிட்டது, அவசரம்

புதுக்குடித்தனம்:
வணக்கம். மதுரையிலிருந்து போன மாதம்தான் கொழும்புக்கு வந்தோம். கணவருக்கு இங்கே வேலை. இன்று காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் பட்டென்று நின்றுவிட்டது. லேசாகக் கருகல் வாடை வந்தது. அதன் பிறகு எதை அழுத்தினாலும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமாவுக்குப் பல் எடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். இங்கே யாரையும் தெரியாது, சிங்களமும் வராது. நல்ல மிக்ஸி எங்கே கிடைக்கும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை மருமகள்:
மாமியாரிடமே சொல்லி ஊரிலிருந்து ஒரு 750 வாட்ஸ் மிக்ஸியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று ஜாரோடு வரும், வேறு யோசனையே வேண்டாம். நான் வந்தது 2022 தொடக்கத்தில். மிக்ஸி இருந்தது, கரண்ட்தான் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். சமையல் காஸும் கிடைக்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று பார்த்திருந்து, வந்ததும் இரண்டு நாளைக்கான மாவை ஒரே மூச்சில் அரைப்பேன். இப்போது வருகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தைரியமாக இருங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
இந்தியாவிலிருந்து சுமந்து வரச் சொல்ல வேண்டாம், பிள்ளை. பழுதானால் இங்கே யார் உத்தரவாதம் தருவார்கள்? வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக எலக்ட்ரிக் சாமான் கடைகள் இருக்கின்றன, தமிழிலேயே கதைக்கலாம். விலை குறைவாக வேண்டுமென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போங்கோ. எது வாங்கினாலும் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தி வாங்குங்கோ.

இன்னொன்று. தேங்காய்ச் சம்பலுக்கு மெஷின் எதற்கு? செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), வெங்காயம், உப்பை உரலில் போட்டு இடித்து, கடைசியில் தேங்காய்ப்பூவை (துருவிய தேங்காயை)ப் போட்டு இரண்டு இடி இடித்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் போதும். மிளகாய்த்தூளையும் வீட்டில் அரைக்க வேண்டாம், வறுத்துக்கொண்டு போய் மில்லில் திரித்து எடுக்கலாம்.

டொரோண்டோ போய் வந்தவர்:
வோல்டேஜ் பிரச்சினையாகத்தான் இருக்கும். கனடாவிலிருந்து திரும்பியபோது நல்ல பிளெண்டர் ஒன்றைக் கொண்டுவந்தேன். அது 120 வோல்ட், இங்கே 230. முதல் நாளே புகைந்துவிட்டது. அதற்குப் பொருத்தமான டிரான்ஸ்ஃபார்மர் பிளெண்டரை விடக் கனமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து எந்த மோட்டார் சாமானும் கொண்டுவராதீர்கள்.

கோவை மருமகள்:
அவர் மதுரையிலிருந்து வந்திருக்கிறார், அண்ணா. நம் ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். என் மிக்ஸி இங்கே இன்னும் ஓடுகிறது. பிளக்தான் வேறு. அங்கே வட்ட முனை, இங்கே புது வீடுகளில் சதுர முனை.

கொட்டாஞ்சேனை:
பிளக் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துத்தான் இந்த வீட்டுக்கு வந்தோம். சமையலறையில் ஒரே ஒரு பிளக் பொயிண்ட். அதிலும் வட்டமும் சதுரமும் மாறி மாறி. வீட்டுக்காரரிடம் சொன்னால் ‘அடாப்டர் போடுங்கள்’ என்பார்.

வெள்ளவத்தை அக்கா:
வாடகையை விடுங்கோ. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதிக் குழம்பு வைப்பதற்கே யோசித்தோம்.

கோவை மருமகள்:
சொதிக்கு மட்டுமா? சட்னியையே வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்தோம்.

தெஹிவளை எலக்ட்ரீஷியன்:
தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வழி கேட்கிறார். அதற்குச் சில விவரங்கள் வேண்டும். நின்றது மிக்ஸியா, பிளெண்டரா? அதாவது கட்டையான ஸ்டீல் ஜாரா, உயரமான கண்ணாடி ஜக்கா? பிளக் எந்த மாதிரி? உள்ளே என்ன போட்டீர்கள், எவ்வளவு தண்ணீர்?

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதவில்லை. எங்களுடையது இல்லை, வீட்டோடு வந்தது. உயரமான கண்ணாடி ஜக், பிடி வைத்தது. சதுர முனைப் பிளக். தேங்காய், பொட்டுக்கடலை, காய்ந்த மிளகாய், புளி போட்டேன். ஊரில் போல முதலில் தண்ணீர் விடாமல் ஓட்டினேன். சுற்றவில்லை என்று நாலைந்து முறை தொடர்ந்து அழுத்தினேன்.

தெஹிவளை எலக்ட்ரீஷியன்:
சரி, இப்போது புரிகிறது. அது பிளெண்டர். புது மெஷின் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஜக்கைத் தூக்கி வையுங்கள். அடிப்பாகத்தைக் கவிழ்த்தால் சிலவற்றில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். சுமை கூடினால் அது வெளியே தள்ளிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்துங்கள். பொத்தான் இல்லாத மாடல்களும் உண்டு. அவற்றில் சில, மோட்டார் ஆறினாலே மறுபடி ஓடும்.

அதற்கும் அசையவில்லையென்றால் பிளக்கைப் பாருங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது: சதுர முனைப் பிளக்குக்கு உள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும், இந்தியப் பிளக்கில் அது கிடையாது. முனைகள் இருக்கும் பக்கத்தில் சின்ன மூடி தெரிந்தால், மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கலாம். இல்லையென்றால் நடு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். விரல் நுனி நீளத்தில் ஒரு குழல் வரும். அதன் மேல் 3 அல்லது 13 என்று ஆம்பியர் அச்சிட்டிருக்கும். அதே எண்ணில் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். 3 இருந்த இடத்தில் 13 போடக் கூடாது, கம்பியோ ஈயத்தாளோ சுற்றவே கூடாது. சுவரில் இருக்கும் பிளக் பொயிண்டுக்குத் தனி சுவிட்ச் உண்டு, அதையும் பாருங்கள்.

பிறகு ஜக் சரியாக உட்காரவில்லையென்றால் சில மாடல்கள் ஓடாது. ஓடத் தொடங்கிய பின் மறுபடி கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சுருள் எரிந்திருக்கலாம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை அடாப்டர் பற்றிச் சொன்னதால் ஒன்று. வட்ட முனைப் பிளக்கை நுழைப்பதற்காக மேல் துளையில் பேனாவையோ கரண்டிக் காம்பையோ செருகித் திறக்கிறார்கள். செய்யாதீர்கள். எர்த் இல்லாமல் மோட்டார் ஓடும், ஈரக் கை படும் இடம் அது.

கோவை மருமகள்:
எப்படியானாலும் பிளெண்டரில் இட்லி மாவு வராது. சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தை அக்கா:
வரும். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு, கால் ஜக்குக்கு மேல் போகாமல், விட்டுவிட்டு அடித்தால் தோசைக்கு நன்றாகவே பொங்கும். என் வீட்டில் எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

கோவை மருமகள்:
தோசைக்கு வரலாம், அக்கா. இட்லிக்குக் கெட்டியாக வேண்டும். அந்தக் கெட்டியில்தான் மோட்டார் திணறும்.

வெள்ளவத்தை அக்கா:
அது சரிதான். இட்லிக்கு மிக்ஸி நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிளெண்டரே போதும், பிள்ளை. பல் இல்லாதவருக்கு வேண்டியது நீர்ப்பதமான சாப்பாடு, இது அதற்கென்றே செய்த சாமான். எப்போதும் முதலில் தண்ணீர், பிறகு மென்மையான சாமான், கடைசியில் கட்டியானது. அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, கிளறிவிட்டு மறுபடி ஓட்டுங்கோ.

மைசூர்ப் பருப்பையும் பூசணிக்காயையும் குழைய வேகவைத்து அடித்தால் சூப். காலையில் இலைக்கஞ்சி: வல்லாரையைத் தண்ணீரோடு அடித்து வடித்து, குழைந்த சோற்றுக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு கடைசியில் சேருங்கோ. இலைச்சாறு விட்ட பிறகு நெடுநேரம் கொதித்தால் பச்சை நிறம் போய்விடும். தேங்காய்ப்பாலுக்கு இதைவிட நல்ல மெஷின் இல்லை. தேங்காய்ப்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் அடித்துத் துணியில் பிழிந்தால் முதற்பால் கெட்டியாக இறங்கும். குடிக்கப் பப்பாளியும் அவகாடோவும் அடிக்கலாம். பாஷன் பழத்தை இரண்டு நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள். விதை உடைந்தால் சாறு முழுக்கத் துகளாகிவிடும்.

தெஹிவளை எலக்ட்ரீஷியன்:
கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். உள்ளே ஆவி அழுத்தம் ஏறி மூடியைத் தூக்கி அடிக்கும், முகத்தில் பட்டால் பெரிய காயம். ஆறவிடுங்கள், ஜக்கில் பாதிக்கு மேல் வேண்டாம். மூடியின் நடுவில் இருக்கும் சின்ன அடைப்பைக் கழற்றி அந்தத் துளை மேல் துணியைப் பிடித்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள்.

புதுக்குடித்தனம்:
ஃபியூஸ்தான்! 3 ஆம்பியர். இவர் முக்கில் இருக்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கி வந்து போட்டார், ஓடுகிறது. வாடை இல்லை. தண்ணீர் விட்டுப் பப்பாளி அடித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சட்னிக்கு மட்டும் என்ன செய்வது? மாமி வந்ததும் கேட்பார்.

வெள்ளவத்தை அக்கா:
தேங்காயைப் பல்லுப் பல்லாகப் போடாமல் துருவிப் போடுங்கோ. பொட்டுக்கடலையையும் மிளகாயையும் புளியையும் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய அந்தத் தண்ணீரோடு அடியுங்கோ. கத்தி மூழ்கும் அளவு இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், தோசைக்கு நன்றாக இருக்கும். கழுவும்போது கத்திக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கோ. அங்கே தேங்காய் தங்கினால் அடுத்த நாள் ஜூஸில் புளித்த வாடை வரும்.